குடிவந்தவர்களின் கவனத்திற்கு

ஒரு மென்பொருளின் குணம் தெரிய அதன் நிரலைப் படிக்க வேண்டியதில்லை. நிறுவி ஒரு மாதம் புழங்கவிட்டு, அது எங்கெங்கே எதையெல்லாம் போட்டு வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். உங்களிடம் லினக்ஸ் கணினி இருந்தால் டெர்மினலைத் திறந்து, ஹோம் ஃபோல்டரில் மறைந்திருப்பவற்றையும் சேர்த்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் பொலபொலவென்று வந்து கொட்டும். .என்பிஎம், .கார்கோ, .கிரேடில், .எம்2, .டாக்கர், .விஎஸ்கோட். இவற்றில் ஒன்றையாவது நீங்கள் உருவாக்கினீர்களா? எதை அழித்தால் ஒன்றும் ஆகாது, எதை அழித்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வீடு உங்களுடையது. குடிவந்தவர்கள் ஆளுக்கோர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையாப்பா?" என்று கேட்கும் சக புரோகிராமர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு தகவலை எந்தப் பாதையில் எழுதுகிறோம் என்பதை அவரவர் ரசனைக்கு விட்டுவிட முடியாது. அந்தத் தகவலைப் பற்றி நாம் ஊருக்குக் கொடுக்கும் வாக்கு அது. அதன் மதிப்பு என்னவென்று அதை எழுதும் நிரலருக்குத் தெரியும். அவர் அதைப் பாதையிலேயே சொல்லாமல் விட்டால், ஒன்றுமே தெரியாத ஒருவர் என்றாவது ஒருநாள் ஊகிக்க வேண்டிவரும். ஊகம் தப்பினால் பழியும் அவர் தலையில்தான் விடியும்.

விதிகள் இல்லாமல் இல்லை. லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கான முதல் தரநிலை 1994 பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டது. அதன் வாரிசான எஃப்எச்எஸ், 2015இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. அது கேட்பது அப்படியொன்றும் கடினமானதில்லை. நிரல் குடியிருப்பது /யூஎஸ்ஆரில். ஓடும்போது அங்கே எதையும் எழுதாதே. நிர்வாகி கைவைத்து மாற்றும் அமைப்புகள் /இடிசியில். நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டிய தகவல் /வார்/லிப்பில். மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியது /வார்/கேஷில். நடந்ததன் பதிவுகள் /வார்/லாகில். வெளியிலிருந்து வந்து /ஆப்ட்டில் தனிக்குடித்தனம் நடத்தும் மென்பொருள்கூட, மாறும் தகவலை /வார்/ஆப்ட்டில்தான் வைக்க வேண்டும்.

ஹோம் ஃபோல்டருக்கென்று 2003இல் எக்ஸ்டிஜி என்ற வரையறை தனியாக வந்தது. அமைப்புகள் .கான்ஃபிக்கில், தகவல் .லோக்கல்/ஷேரில், தற்காலிகச் சரக்கு .கேஷில். பிறகு 2021இல், கமாண்ட் வரலாறு, கடைசியாகத் திறந்த கோப்புகள் போன்றவற்றுக்கு .லோக்கல்/ஸ்டேட் சேர்ந்தது.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் போதும்: இது தொலைந்தால் யாருக்கு நஷ்டம்? அமைப்புகள் தொலைந்தால் ஒரு மனிதர் உட்கார்ந்து திரும்பச் செய்ய வேண்டும். தகவல் தொலைந்தால் போனது போனதுதான். கேஷ் தொலைந்தால் கணினி கொஞ்சநேரம் கூடுதலாக உழைக்கும். வெவ்வேறு நஷ்டம் உள்ளவற்றை வெவ்வேறு இடத்தில் வை என்பதுதான் மொத்த விதியும். கடுகையும் மிளகையும் அஞ்சறைப் பெட்டியில் தனித்தனியாக வைப்பதற்கு யாரும் டிகிரி வாங்கவில்லை.

இது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பார்த்தேன். அங்கே வாங்கிப் போட்டிருந்த ஒரு மென்பொருள், ஊழியர்கள் ஸ்கேன் செய்து ஏற்றும் பில்களை /வார்/கேஷுக்குள் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வந்தது. ஒருநாள் நள்ளிரவில் டிஸ்க் நிரம்பியது. இரவுப் பணியில் இருந்த பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், பாடத்தில் படித்தபடியே செய்தான். கேஷில் இருப்பதை அழிக்கலாம். தகவல் இழப்பு இல்லாமல் அழிக்கலாம் என்றுதான் தரநிலையும் சொல்கிறது. அழித்தான், சர்வர் எழுந்தது, பில்கள் போய்விட்டன. கேஷ்தானே என்று அந்த ஃபோல்டருக்கு பேக்கப்பும் எடுக்கப்படவில்லை. அதுவும் விதிப்படி சரிதான். மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள்: "அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" அந்தப் பாதையை எழுதிய நிரலரை யாரும் கேட்கவில்லை. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அரிசிப் பானைமேல் 'குப்பை' என்று எழுதி வைத்தவரை விட்டுவிட்டு, குப்பையைக் கொட்டியவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம்.

ஏதோ ஓர் அரைகுறை மென்பொருளின் கதை என்று இதை ஒதுக்க முடியாது. பெயர் பெற்ற கருவிகளைப் பாருங்கள். ரஸ்ட் மொழியின் கார்கோ, தன் .கார்கோ ஃபோல்டரில் மூன்று பொருட்களை ஒன்றாக வைக்கிறது: எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடிய நூலகங்கள், நீங்கள் நிறுவிய நிரல்கள், பொதிகளை வெளியிட உதவும் ரகசிய டோக்கன். முதலாவதை பேக்கப் எடுப்பது வீண். மூன்றாவதைத் தெரியாமல் வேறெங்கோ நகலெடுத்துவிட்டால் ஆபத்து. ஜாவாக்காரர்களின் .எம்2விலும் இதே கூட்டுக்குடும்பம். நீங்கள் கையால் எழுதிய அமைப்புக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஜிபி கணக்கில் இறக்கிக் குவித்த நூலகங்கள். சின்ன எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப்பில் படிக்கும் மாணவர், டிஸ்க் நிரம்பும்போது இதில் எதைத் தொடுவார்?

டாக்கர் இன்னும் சுவாரசியம். அது விதியின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிடுகிறது. எல்லாம் /வார்/லிப்/டாக்கரில், சரியான முகவரிதான். ஆனால் நீண்ட காலமாக அந்த ஒரே கூரையின்கீழ் மறுபடி இறக்கக்கூடிய இமேஜ்கள், இழக்கவே கூடாத வால்யூம்கள், கண்டெய்னர்களின் லாகுகள் மூன்றும் குடியிருந்தன. வழக்கமான லாக் முறையில், நீங்களாக வரம்பு வைக்காவிட்டால் அந்த லாக் கோப்புக்கு எல்லையே கிடையாது. வளர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பும்போது பக்கத்து அறையிலிருக்கும் டேட்டாபேஸுக்கும் மூச்சு முட்டும். லாகுக்கென்று /வார்/லாக் என்ற தனியிடம் ஏன் ஒதுக்கினார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இனி, வழக்கமாக வரும் சமாதானங்கள்.

முதல் சமாதானம்: "எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் நீக்குவது எளிது." இருப்பதிலேயே பலமான வாதம் இது. ஆனால் ஒரு மென்பொருளை மொத்தமாக நீக்குவது எத்தனை நாளைக்கு ஒருமுறை? பேக்கப் எடுப்பதும், இடத்தைக் காலி செய்வதும், புதுக் கணினிக்கு மாறுவதும்தான் அடிக்கடி நடப்பவை. மூன்றுக்கும் பிரித்து வைத்திருப்பதே உதவும். டெபியனில் ஒரு பொதியை 'ரிமூவ்' செய்தால் நிரல் போகும், /இடிசியில் உள்ள அமைப்புகள் தங்கும். 'பர்ஜ்' செய்தால் அவையும் போகும். பிரித்து வைத்ததால்தான் இந்தத் தேர்வே நம் கைக்கு வந்தது.

இரண்டாவது: "பழைய பயனர்களுக்கு உடைந்துவிடும்." பழைய இடத்தில் கோப்பு இருந்தால் அதைப் படி, இல்லையென்றால் புதிய இடத்துக்குப் போ. அவ்வளவுதானே? கிட் 2012இலேயே .கான்ஃபிக்குக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டது. எண்பதுகளில் பிறந்த ஈமாக்ஸ் 2020இல் கற்றுக்கொண்டது. 1991இன் விம் 2024இல் வழிக்கு வந்தது. கிழவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்டிஜி வந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஸ்னாப், ஹோம் ஃபோல்டரின் நட்டநடுவில் 'ஸ்னாப்' என்று ஒரு ஃபோல்டரைப் போட்டது, மரியாதைக்கு ஒரு புள்ளிகூட இல்லாமல். 2017இல் கோ மொழியும் 'கோ' என்ற ஃபோல்டரை அங்கேயே இயல்பிருப்பாக்கிக்கொண்டது. இவர்களுக்கு எந்தப் பழைய பயனர் குறுக்கே நின்றார்?

மூன்றாவது: "கண்டெய்னர் வந்தாச்சு, இதெல்லாம் பழங்கதை." நேர்மாறு. கண்டெய்னரைத் தூக்கியெறிவதற்காகவே உருவாக்குகிறோம். தூக்கியெறியும்போது எது மிஞ்ச வேண்டும் என்று பாதையைச் சொல்லித்தான் வால்யூமை இணைக்கிறோம். தகவலை நாலு இடத்தில் இறைக்கும் நிரலைக் கண்டெய்னருக்குள் அடைத்தால் அந்தப் பட்டியலை யார் எழுதுவது?

நான்காவதை எனக்குப் பிடித்தவர்கள்தான் சொல்கிறார்கள்: "அந்த விதிகளே விபத்தில் பிறந்தவை, அதற்கு ஏன் இவ்வளவு பக்தி?" உண்மைதான். /யூஎஸ்ஆர் ஆதியில் பயனர்களின் வீடுகள் இருந்த இடம். இன்று அங்கே மருந்துக்கும் ஒரு பயனர் இல்லை. புள்ளிக் கோப்புகள் மறைவதும் விபத்தே. 2012இல் ராப் பைக் அந்தக் கதையை எழுதினார். நடப்பு ஃபோல்டரைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாமலிருக்க, ஆதி யூனிக்ஸில் ஒரு குறுக்குவழி எடுத்தார்கள்: முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார்கள். புள்ளியில் தொடங்கிய மற்ற எல்லாப் பெயர்களும் கூடவே மறைந்தன. அந்த ஓட்டை வழியாகத்தான் இன்று இத்தனை பேர் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பெயர்கள்மேல் பக்தி கிடையாது. /இடிசிக்கு நாளைக்கே வேறு பெயர் வைத்தாலும் கவலையில்லை. பிரிப்பு வேண்டும் என்கிறேன். மேக்கில் லைப்ரரிக்குள் கேஷுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், ரோமிங் என்று பிரிவு உண்டு. பெயர் வேறு, கேள்வி ஒன்றே.

செய்வதும் கஷ்டமில்லை. சர்வரில் ஓடும் நிரல் என்றால், 2017இல் வந்த சிஸ்டம்டியின் 235ஆம் பதிப்பிலிருந்து சர்வீஸ் கோப்பில் ஆளுக்கொரு வரி எழுதினால் போதும்: அமைப்பு, தகவல், கேஷ், லாக், ஓட்டநேரம் என ஐந்துக்கும் ஃபோல்டரை அதுவே சரியான இடத்தில் உருவாக்கிக் கொடுக்கும். பயனர் கணினியில் ஓடுவது என்றால் எக்ஸ்டிஜி மாறிகளைப் படிக்கும் நூலகம் எல்லா முக்கிய மொழிகளிலும் இருக்கிறது. அரைநாள் வேலை. அந்த அரைநாளை நாம் மிச்சம் பிடிப்பதால்தான் முகம் தெரியாத யாரோ ஒருவர் நள்ளிரவில் ஊகித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தமுறை உங்கள் நிரல் முதன்முதலாக ஒரு கோப்பை எழுதும் வரியைத் தட்டும்போது, பாதையை முடிவு செய்துவிட்டு மேலே போங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் கருவி வீட்டின் நடுவில் மூட்டையை இறக்கியிருந்தால், அதை உருவாக்குபவர்களிடம் போய்க் கேளுங்கள்: இதில் எதை நான் அழிக்கலாம்? பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு பத்தி தேவைப்பட்டால், அந்தப் பத்தி முழுவதும் பாதையிலேயே இருந்திருக்க வேண்டியது.