ஏலக்காட்டில் உழைப்பு, காலனியில் வலி

பொட்டிபுரம் என்றதும் தோழர்களுக்கு நினைவு வருவது நியூட்ரினோதான். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015-இல் ஒன்றிய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, கடைசியில் தமிழ்நாடு அரசே அனுமதி தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதியாயிற்று. அதே அடிவாரத்தில் யாரும் கூட்டம் போட்டுப் பேசாத ஒன்று இருக்கிறது. புற்றுநோய் முற்றியும், பக்கவாதத்தில் விழுந்தும், சிறுநீரகம் செயலிழந்தும் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறவர்களின் வலி. அந்த வலியைத் தணிக்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

பாலியேட்டிவ் கேர் என்று இதைச் சொல்கிறார்கள். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்த பிறகும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வலிக்கு மருந்து, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, பார்த்துக்கொள்கிற மகளுக்கு நான்கு ஆறுதல் வார்த்தை. உலகில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது, 14 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் இதற்கான எம்.டி. படிப்பே 2012-இல்தான் மும்பை டாடா மெமோரியலில் தொடங்கியது. அதன்பிறகு படித்து வந்தவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களின் புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். போடிக்கு மேற்கே அவர்களைத் தேடாதீர்கள்.

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. நல்ல திட்டம், ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் அதில் ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர் என்பதே கணக்கு. தேனி மாவட்டத்தில் 8 ஒன்றியங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12.45 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு செவிலியருக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வருகிறது. கட்டு மாற்றவே வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டிய வேலை இது.

இப்போது மலைக்கு மேலே பாருங்கள். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரளம். அங்கே 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வேலை, 2008-இல் அரசுக் கொள்கையாகி, இன்று ஊராட்சிதோறும் வீடு தேடிப் போகும் செவிலியராக வளர்ந்திருக்கிறது. விடியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, அந்த ஊராட்சிகளின் ஏலத்தோட்டங்களில் பழம் எடுக்கிறவர்கள் நம் பெண்கள். மருந்தடிக்கிறவர்கள் நம் ஆண்கள். உடம்பு ஓடும்வரை மேலே. விழுந்துவிட்டால் கீழே. கேரளச் செவிலியரின் பதிவேடு அங்கே குடியிருப்பவருக்கு, நம்முடைய ரேஷன் கார்டோ தமிழ்நாட்டில். ஏலக்காய்க்குப் புத்தடியிலும் போடியிலும் ஏலம் உண்டு, காய் எந்தத் தடையும் இல்லாமல் எல்லை தாண்டுகிறது. அதைப் பறித்த கைக்கு நோய் வந்தால் சிகிச்சை எல்லையில் நின்றுவிடுகிறது.

‘கேரளம் மாதிரி நாமும் தன்னார்வலர்களைத் திரட்டலாமே’ என்று நல்ல மனதுள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். கேரள முறையின் உயிர்நாடி பக்கத்து வீட்டுக்காரர். தேனி மாவட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி முடிவு செய்திருக்கிறது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். (அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். தெரு நகர்ந்துவிடவில்லை.) டீக்கடையில் கிளாஸைத் தொடத் தயங்குகிறவர், காலனிக்குள் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார் என்று நம்பி ஒரு திட்டம் போட முடியுமா? எதிர்ப்பக்கமும் உண்டு. கழுவுகிற, துடைக்கிற, நாற்றம் பொறுக்கிற வேலை என்றால் ‘உங்க ஆளுகளை அனுப்புங்க’ என்று தன்னார்வத்தின் பெயரில் மறுபடி நம் தலையிலேயே வந்து விழும். அரசு மருத்துவமனை வார்டுகளில் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கி அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியாததா?

ஆகவே நாம் கேட்பது தொண்டு இல்லை, பணியிடம். பயிற்சியும் முழுச் சம்பளமும் நிரந்தரமும் உள்ள அரசுப் பணியிடம், இடஒதுக்கீட்டோடு. தொகுப்பூதியச் செவிலியர்கள் 2017-இல் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை மறக்கவில்லை. அதே கதையை இந்தச் செவிலியர்களுக்கும் எழுதக் கூடாது.

மருந்துக்கும் ஆள்தான் தடை. கடும் வலிக்கு மார்பின் மாத்திரை விலை குறைவு. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று அளவு பார்த்துக் கொடுத்தால் மனிதர் தூங்குவார், பேசுவார், நாலு வாய் சாப்பிடுவார். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிற நாடு இது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி உரிம முறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்தால்தான் மாத்திரை கைக்கு வரும். மருத்துவர் தூரத்தில் இருந்தால் மாத்திரையும் தூரத்தில். க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ முற்றிய நோயாளியை ஏற்றிக்கொண்டு போய் வருவதென்றால் ஒரு நாள் கூலியும் போய் வண்டி வாடகையும் கடனாக நிற்கும்.

பணம் இல்லை என்பார்கள். 2024-இல் சட்டசபை நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நம் பங்கு நிதியை நமக்கே செலவழிக்கச் சொல்கிறது. மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த நிதியில் மலையடிவார ஊராட்சிகளுக்குச் செவிலியர் பணியிடம் கேட்க யார் தடுப்பது? செவிலியர் படிப்பு முடித்துவிட்டுத் திருப்பூர் கம்பெனிக்குப் போகிற நம் தங்கைகளில் சிலரையாவது அந்த இடங்களில் உட்கார வைக்கலாம்.

மாணவத் தோழர்கள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பத்து ரூபாய் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு மனு. தேனி மாவட்டத்தில் மார்பின் வைத்திருக்கும் அரசு மருத்துவமனைகள் எவை? ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் கடந்த ஓராண்டில் எந்தெந்தக் குடியிருப்புக்கு எத்தனை முறை போனார்கள்? ஊராட்சி வாரியாக இல்லாமல் குடியிருப்பு வாரியாகக் கேளுங்கள். ஊராட்சிக் கணக்கில் காலனி தெரியாது. பதிலோடு அடுத்த கிராம சபைக்குப் போவோம்.