"ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?" - ஊர்வல அனுமதி பற்றி ஒரு அரசு மருத்துவரின் பதில்

1/ ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி மறுப்புன்னு செய்தி வந்தா, கமெண்ட்ல முதல் ஆள் கேக்குறது: "ரோட்டை மறிச்சா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?" எங்க பேரைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறீங்க. அதனால நானே பதில் சொல்றேன்.

2/ கவலை நியாயமானது. கம்பம், கூடலூர்ல இருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புற நோயாளி, தேனியைத் தாண்டித்தான் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வரணும். பக்கவாதத்துல ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். நேரு சிலை பக்கம் அரை மணி நேரம் சிக்கினா அது பெரிய இழப்பு.

3/ ஆனா சபரிமலை சீசன்ல இதே சாலைதானே? யாராவது ஐயப்ப பக்தர்களைத் தடை பண்ணச் சொன்னோமா? போறது கம்பம்மெட்டு, திரும்புறது குமுளின்னு ஒருவழிப் பாதை போடுறோம். சாமிக்குன்னா திட்டம், கோரிக்கைக்குன்னா தடையா?

4/ சட்டத்தைப் பாருங்க. மாவட்டங்கள்ல காட்டப்படுறது 1861 காவல் சட்டம், பிரிவு 30. வெள்ளைக்காரன் 1857 கலகத்துக்குப் பிறகு போட்டது. அதுலகூட இருப்பது பாதை, நேரம், நிபந்தனை. அரசியல் சாசனம் 19(1)(b) அமைதியா, ஆயுதமில்லாம கூடுறதை உரிமைங்குது. ஹிம்மத் லால் ஷா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பொது இடத்துல கூடுறதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியா மூடக்கூடாது.

5/ "அப்போ கரூர்?"னு கேப்பீங்க. கேளுங்க. 2025 செப்டம்பர் 27, 41 உயிர். அது அனுமதி வாங்கின கூட்டம். 10,000 பேர்னு சொன்ன இடத்துக்கு சுமார் 27,000 பேர் வந்ததா காவல்துறையே சொன்னது. யார் தப்புன்னு சிபிஐ விசாரிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சது மருத்துவம்: நெரிசல்ல பலர் மிதிபட்டுச் சாகுறதில்ல. நின்னபடியே நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு நிக்குது. சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினாலே ஆபத்து. மூளைக்கு ஆக்சிஜன் போகலைன்னா சில நிமிஷம்தான். கையெழுத்துப் போட்ட காகிதம் மூச்சு கொடுக்காது.

6/ தடை மட்டும் காப்பாத்துமா? 2011 டிசம்பர், முல்லைப் பெரியாறு. 144 இருந்துச்சு. அப்பவும் பள்ளத்தாக்கு சனம் ஆயிரக்கணக்குல எல்லையை நோக்கி நடந்துச்சு. தண்ணி விஷயம், நடக்காம இருக்குமா? தடை போட்டா கூட்டம் நிக்காது. பொறுப்பாளர், பாதை, முதலுதவி எல்லாம்தான் இல்லாமப் போகும்.

7/ அதனால விண்ணப்பத்துல "என்ன பேசுவீங்க?"ன்னு தோண்டுறதை விடுங்க. இதைக் கேளுங்க:
- எத்தனை பேர், இடம் எத்தனை சதுர மீட்டர்?
- வெளியேற எத்தனை வழி?
- ஆம்புலன்ஸுக்குத் தனிப்பாதை எது?
- தண்ணி, நிழல், முதலுதவி எங்க?
- பேச்சாளர் தாமதமானா கூட்டத்தை எப்போ கலைப்பீங்க?
நகல் ஒண்ணு பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் வரட்டும்.

8/ பங்களாமேட்டுல 30 பேர் நிக்கவும், கட்சித் தலைவர் ரோடு ஷோ நடத்தவும் ஒரே கேள்விகள்தான். மறுக்கணும்னா காரணத்தை எழுத்துல கொடுங்க. மதுரைக் கிளைக்குப் போக அவகாசம் இருக்கும்போதே கொடுங்க. முந்தின நாள் ராத்திரி கொடுக்கிற மறுப்பு, பதில் இல்ல, தந்திரம்.

9/ இனிமே ஆம்புலன்ஸைக் காட்டி யாராவது போராட்டத்தைத் தடுக்கச் சொன்னா, ஒண்ணு மட்டும் கேளுங்க: "ஆம்புலன்ஸுக்கு வழி கேக்குறீங்களா, இல்ல அவங்க வாயை மூடச் சொல்றீங்களா?" வழின்னா, நாங்க உங்க கூட நிக்கிறோம். வாயை மூடத்தான்னா, எங்க பேரை இழுக்காதீங்க.