எண்களின் மீது ஏன் பழி?

புள்ளிவிவரம் பொய்த்தது, உள்ளுணர்வே வென்றது என்பதற்குச் சான்றாக 1985ஆம் ஆண்டின் கோகோ கோலாக் கதையைச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ 2 லட்சம் பேரைச் சுவைக்கச் செய்த பிறகே அமெரிக்காவில் ஏப்ரல் 23 அன்று புதிய கலவையை அறிவித்தார்கள். எதிர்ப்பு வெடித்தது. ஜூலை 11 அன்று பழைய பானம் திரும்பியது.

எண்கள் பொய் சொல்லவில்லை. அளக்கப்பட்டது மிடறின் சுவை. 99 ஆண்டுப் பழக்கத்தின் மீதிருந்த பற்றை அச்சோதனை அளக்கவில்லை. எதைக் கேட்பது என்று உணர்த்தவே உள்ளுணர்வு. உணர்ந்தது சரிதானா என்று சோதிக்கவே எண்.

நாம் மட்டும் யோக்கியரா? விற்பனைப் பட்டியலைக் கொண்டு நூலின் தரத்தை அளப்பவரை இகழ்கிறோம். 'கவிதைக்கு வாசகன் இல்லை' என்று தீர்ப்பளிக்கும் பதிப்பாளரையோ அப்படியே நம்புகிறோம். எத்தனை வாசகரிடம் விசாரித்தீர் என்று அவரை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?