முதலாம் ஆண்டைக் கடப்பது யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சாதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் எண் 47. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டோரை அடிப்படையாகக் கொண்ட மொத்த மாணவர் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4%; தமிழ்நாட்டில் 47%. இந்தப் பெருமிதம் நியாயமானது. எனினும், முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து அமர்ந்தார்கள் என்பதை இந்த எண் சொல்வதில்லை. பல்லாண்டுகள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், நாம் அக்கறை கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது எண்ணில்தான் என்று கருதுகிறேன்.

பயணத்தில் கரையும் நேரம்

தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் சேவை 1931இல் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. உருவானது. இன்று வண்டலூர், காட்டாங்கொளத்தூர் என ஜிஎஸ்டி சாலை நெடுகிலும் உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன.

கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய விடுதிகள் கல்லூரி வாழ்வின் மையமாக இருந்தன. அத்தகைய சூழலில் புதிய மாணவரின் ஐயத்தைத் தீர்க்க மூத்த மாணவர் பக்கத்து அறையிலேயே இருப்பார். இன்றோ இப்பகுதிக் கல்லூரிகளுக்குப் பலர் வீட்டிலிருந்து வந்துபோகின்றனர். செங்கல்பட்டுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பேருந்திலும் மின்ரயிலிலும் வரும் மாணவி, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தைப் பயணத்தில் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 வேலைநாள்கள் கொண்ட ஒரு பருவத்தில் அது 270 மணி நேரம். வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கு நூலகமோ, ஆசிரியரைத் தனியே சந்திக்கும் வாய்ப்போ, நட்பு வட்டமோ எளிதில் வாய்ப்பதில்லை. மாலையில் கடை வேலைக்குச் செல்லும் மாணவரின் நிலையும் இதுவே.

அரியர் என்னும் தீர்ப்பு

அடுத்த தடை மொழி. பள்ளியில் ‘தேவை நெகிழ்ச்சி’யைத் தமிழில் நன்கு கற்றுவந்த மாணவர், கல்லூரி வகுப்பில் ‘எலாஸ்டிசிட்டி’ என்று கேட்டதும், அது தமக்கு முன்பே தெரிந்த கருத்துதான் என்பதை உணராமல் திகைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவரிடம் பாட அறிவு இருந்தது. அதை அடைவதற்கான சொல்தான் மாறிவிட்டிருந்தது.

இதன் விளைவு முதல் பருவத்தேர்வில் வெளிப்படும். பட்டதாரிகள் உள்ள குடும்பத்தில் பிறந்த மாணவருக்கு இரண்டு அரியர் விழுந்தால், “அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிடலாம்” என்று சொல்ல ஓர் அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார். முதல் தலைமுறை மாணவருக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ‘நமக்குப் படிப்பு ஏறாது’ என்ற தீர்ப்பாகவே அதை அவர் எடுத்துக்கொள்கிறார். மதிப்பெண் ஒன்றுதான்; அது தரும் பொருள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகிறது. கல்லூரியைப் பற்றிய இத்தகைய நடைமுறை அறிவும் ஒருவகை மூலதனமே. அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிதான் அதை வழங்க வேண்டும். மாணவர் இடையில் விலகுவதற்கு அவருடைய குடும்பப் பின்னணி மட்டுமே காரணமல்ல என்றும், கல்லூரியின் கல்விச் சூழலோடும் சமூகச் சூழலோடும் அவர் எந்த அளவுக்கு ஒன்றுகிறார் என்பதும் முக்கியம் என்றும் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975இலேயே வாதிட்டார்.

கொள்கைகள் காட்டும் அக்கறை

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. பல பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு நேரே 12ஆம் வகுப்புப் பாடங்களுக்குச் சென்றதால், மாணவர்கள் உயர்கல்வியின் முதலாம் ஆண்டில் தடுமாறுகிறார்கள் என்ற கவலை, 2017-18இல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு ஒரு காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு கைவிடப்பட்டது. மாணவரின் சுமையைக் குறைக்கும் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், பழைய வழக்கம் திரும்பினால், 2027இல் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்கள்தான் அதற்கு முதலில் விலை கொடுப்பார்கள்.

அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022இல் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்காக 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய் என்பது மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். முதலாம் ஆண்டிலேயே ஒருவர் விலகினால், அரசின் முதலீடும் குடும்பத்தின் சேமிப்பும் அந்த ஓராண்டில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியமும் ஒருசேர வீணாகின்றன.

ஓராண்டு முடித்து வெளியேறுவோருக்குச் சான்றிதழ் வழங்கத் தேசியக் கல்விக் கொள்கை 2020 வழிவகுக்கிறது. இது இடைநிற்றலை ஊக்குவிக்கும் என்பது தமிழ்நாட்டில் எழுந்த முக்கியமான எதிர்வாதம். அதை நானும் ஏற்கிறேன். ஆனால், சான்றிதழ் ஏதுமின்றி ஓசையின்றி வெளியேறுவோரை நாம் எண்ணிப் பார்க்கவில்லை என்றால், அந்த வாதத்துக்கு வலுவிருக்காது.

செய்ய வேண்டியவை

புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அது விருந்தினர் உரையோடும் குழுப்படத்தோடும் முடிந்துவிடக் கூடாது. முதல் மாதம் முழுவதும், ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிமுகப்படுத்தும் இணைப்பு வகுப்புகள் தேவை. அவை பாடவேளைக்குள்ளேயே நடந்தால்தான் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கும் பயன்படும். முதல் பருவ முடிவு வெளியானதும், அரியர் வைத்துள்ள ஒவ்வொருவரையும் ஓர் ஆசிரியர் அழைத்துப் பேச வேண்டும். தொடர்ந்து வராதவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். இதற்குப் பெரும் நிதி வேண்டாம். ஆனால், ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் இதற்கு இடம் வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

இவற்றோடு, முதலாம் ஆண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்குச் சென்றோரின் விகிதத்தை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கல்லூரி தேடும் பெற்றோருக்கு வேலைவாய்ப்பு விளம்பரங்களைவிட அது கூடுதல் உண்மையைச் சொல்லும். 47 என்ற எண் உயர வேண்டும் என்பதில் ஐயமில்லை. சேர்ந்தவர் நிலைக்கிறாரா என்பதையும் அரசு அதே ஆர்வத்துடன் கேட்க வேண்டும்.