வேண்டாம் அண்ணை, நீங்க போங்கோ

றோட்டோரத்தில ஒருத்தன் சைக்கிளைக் கவிட்டு வைச்சுக்கொண்டு நிக்கிறான். பின் ரயர் றிம்மோட ஒட்டிக் கிடக்குது. வெயிலோ திருகோணமலை வெயில். நானும் சைக்கிள்தான். நிப்பாட்டி, “தம்பி, காத்துப் போட்டுதோ? என்னட்டப் பம் இருக்கு, ஒட்டுற சாமானும் இருக்கு” எண்டு கேக்கிறன். அவன் என்ன செய்யவேணும் எண்டு நினைக்கிறியள்? கும்பிட வேண்டாம். தேத்தண்ணி வாங்கித் தரவும் வேண்டாம். “ஓமண்ணை, தாங்கோ.” முடிஞ்சுது அலுவல்.

அவன் முதல்ல என்ர முகத்தைப் பாக்கிறான். பிறகு சைக்கிளைப் பாக்கிறான். பிறகு சட்டைப் பையில எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிற போனைப் பாக்கிறான். பாத்துப்போட்டுக் கேக்கிறான்:

“அண்ணை, நீங்க எந்த சனல்?”

எனக்கு விளங்கேல்லை. முழிச்சன்.

“யூரியூப்தானே? வேண்டாம் அண்ணை, வீடியோ வந்தா வீட்டில பேசுவினம். நீங்க போங்கோ.”

சனலாம்! உவர்மலையில இருந்து சீனன்குடாவுக்கு வேலைக்குப் போற, அம்பதைத் தாண்டின மனுசன் நான். காலில பாட்டா, கரியரில சோத்துப் பாசல். என்னைப் பாத்து சனலோ எண்டு கேக்கிறான். “இல்லையடா தம்பி, சும்மாதான்” எண்டன். அந்தச் “சும்மா”தான் அவனுக்கு இன்னும் சந்தேகமாப் போச்சுது. சும்மா ஆர் நிப்பாட்டுவினம்?

பொடியனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அவன் பாக்கிறது அதைத்தானே. வெளிநாட்டில இருந்து ஆரோ காசு அனுப்புவினம். இங்க ஒருத்தர் கமராவோட ஒரு குடிசைக்குப் போவார். அந்தத் தாயிட்ட “அம்மா, எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?” எண்டு கேப்பார். அது அழ வேணும். அழுதாத்தான் வியூஸ். அழாட்டிப் பின்னால சோக மியூசிக் போட்டு அழ வைப்பினம். கடைசியில அரிசி மூட்டையைக் குடுக்கேக்க ரெண்டு பேரும் கமராவைப் பாக்க வேணும். இதைப் பாத்து வளந்த பிள்ளை, றோட்டில ஒருத்தன் பம்மை நீட்டினா முதல்ல கமராவைத் தேடாம வேற எதைத் தேடும்?

இது போனோட வந்த வருத்தமும் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலாவெளி, சல்லி, சாம்பல்தீவுப் பக்கம் ஓடின சைக்கிளுகளை ஞாபகம் இருக்கோ? சுனாமிக்குக் குடுத்த புதுச் சைக்கிள். நல்ல சாமான்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா செயின் கவரில கொட்டை எழுத்தில “அன்பளிப்பு” எண்டு பெயின்ற் அடிச்சு, கீழ தந்த ஆக்களின்ர பெயரும் சின்னமும். கடலில வீடு போனவன், பொஞ்சாதி பிள்ளையைக் குடுத்தவன், வருசக்கணக்கா அந்தப் பெயரைக் காலுக்கிடையில வைச்சு மிதிச்சுக்கொண்டு திரிஞ்சான். சிலபேர் செயின் கவரையே கழட்டி எறிஞ்சவை. “ஏனடாப்பா, நல்ல கவர்தானே, கால்சட்டை சிக்குமெல்லோ?” எண்டு கேட்டா, “சிக்கட்டும்” எண்டு ஒரு மறுமொழி.

பள்ளிக்கூடத்திலயும் இதே கூத்துத்தான். தூரத்தில இருந்து வாற பிள்ளைக்கு ஒரு சைக்கிள் குடுக்கிறதெண்டா மேடை, மாலை, மங்கள விளக்கு. ஹாண்டிலில எட்டுப் பெரிய மனுசற்ற கை. பிள்ளைக்குப் பிடிக்க இடமில்லை, பெல்லைத் தொட்டுக்கொண்டு நிக்கும்.

சரி, பொடியனை விடுவம். பாலையூற்றுப் பக்கம் ஒரு ஐயா. பழைய றலி சைக்கிள், செயின் கழண்டு இறங்கி நடக்கிறார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். “ஐயா, நான் கொழுவி விடட்டோ?” எண்டன். நிமிந்து பாத்தார். “தம்பி எந்தக் கட்சி?” எண்டார். நான் சிரிச்சுப்போட்டன். அவர் சிரிக்கேல்லை. ஐயா, கிழக்கு மாகாண சபை 2017 செப்ரெம்பரில கலைஞ்சது, அதுக்குப் பிறகு அதுக்கொரு தேர்தலே வைக்கேல்லை. நான் எதுக்கு ஐயா உங்கட செயினைக் கொழுவி வோட்டுக் கேக்கப்போறன்? சொல்ல வேணும் போல இருந்தது. அதுக்குள்ள அவர் தானே குனிஞ்சு, கையெல்லாம் கிறீஸ் பூசி, கொழுவிக்கொண்டு ஏறிப் போட்டார்.

உப்புவெளிப் பக்கம் போனா வேற கதை. வாடகைச் சைக்கிளில வாற வெள்ளைக்காரர் நாங்கள் வாய் திறக்க முன்னமே “நோ மணி, நோ மணி”. அவையைச் சொல்லியும் பிழையில்லை. முதல்நாள் ஆரோ வழி காட்டிப்போட்டு ஆயிரம் ரூபா கேட்டிருப்பான். ஒருக்கா ஒரு சிங்களப் பொடியன், நேவிக்காரன் எண்டு தலைமயிர் வெட்டிலயே தெரியும், “கமக் நே அங்கிள்” எண்டு நல்ல மரியாதையாத்தான் சொன்னான். ஆனா நான் கண்ணுக்கு மறையிற மட்டும் ரியூப்பில கை வைக்கேல்லை. பாத்துக்கொண்டே நிண்டான். என்னைப் பாத்து அவன் பயந்தானோ? ஒரு காலத்தில நாங்கள் எல்லோ அவங்களைப் பாத்து!

பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். ரியூசன் முடிஞ்சு வாற தங்கச்சி ஒண்டு தனிய நிண்டால், தெரியாத ஆம்பிளையிட்ட “அப்பா வந்துகொண்டிருக்கிறார்” எண்டுதான் சொல்ல வேணும். சரியாத்தான் சொல்லுது. நானும் அதுகளைக் கண்டா இறங்கிறதில்லை. கொஞ்சம் தள்ளி நிண்டு, ஒரு அக்காவோ அம்மாவோ கிட்டப் போகும் வரைக்கும் பாத்துப்போட்டுப் போறது.

என்ர வயசு ஆக்களுக்கு இந்தச் சந்தேகம் எங்க இருந்து வந்ததெண்டு தெரியும். சண்டைக் காலத்தில செக்பொயின்ருக்குச் செக்பொயின்ற் இறங்கித்தான் சைக்கிளை உருட்டுவம். ஐசியைக் கையில பிடிக்க வேணும். நிப்பாட்டினவன் ஒருத்தனும் நல்லதுக்கு நிப்பாட்டேல்லை. 2006 ஏப்ரலில மரக்கறிச் சந்தையில குண்டு வெடிச்சு, அண்டைக்கே கடையள் எரிஞ்ச பிறகு, ஒரு சைக்கிள் மதிலோட தனிய சாத்தியிருந்தாலே சனம் சுத்திப் போகும். என்ர கரியரில இருக்கிற சின்னப் பையுக்க ரெண்டு லீவர், அரத்தாள் துண்டு, சொலுசன், ஒரு முழம் வால்ரியூப், எட்டு-பத்துச் சாவி. அந்தக் காலத்தில இந்தப் பையைத் திறந்து காட்டி விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போயிருக்கும்.

எண்டாலும், சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? செக்பொயின்ற் போச்சு. உருட்டுற பழக்கம் போச்சு. அந்தப் பார்வை மட்டும் போகேல்லையே?

இடையில ஒருக்காப் போனது, அதையும் சொல்லவேணும். 2022. எங்கட ஊரின்ர கோலத்தைக் கேளுங்கோ. சீனன்குடாக் காட்டுக்க வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கியள். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் அடிச்சு எரிச்சது போக, இண்டைக்குக் கணக்கில 99. அந்த வருசம் ஜனவரியில பெரிய எடுப்பில ஒப்பந்தம் எழுதினவை. 14 இந்தியன் ஒயில் கொம்பனிக்கு, 24 எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேருக்கும் சேத்து. ஜூன் மாதம் அந்தத் தாங்கியளுக்குப் பக்கத்து றோட்டிலயே நாங்கள் பெற்றோலுக்குக் கியூவில கிடந்தம். ஒரு லீற்றர் 470 ரூபா. அதுவும் இருந்தாத்தானே!

ஊரே சைக்கிளுக்கு மாறிச்சுது. அறையுக்க ஒட்டறை பிடிச்சுக் கிடந்த லுமாலா எல்லாம் வெளிய வந்தது. பாங்க் மனேச்சரும் சைக்கிள், பியோனும் சைக்கிள். அனுராதபுரச் சந்தியில ஒருத்தருக்குச் செயின் கழண்டா நாலு பேர் இறங்குவினம். ஒருத்தன் சீற்றைப் பிடிப்பான், ஒருத்தன் சில்லைச் சுத்துவான், ஒருத்தன் சும்மா நிண்டு அரசாங்கத்தைப் பேசுவான். தமிழ், முஸ்லிம், சிங்களம் ஒண்டும் பாக்கேல்லை. பம்மைக் கேட்டு வாங்கினவை. கேட்டு! நான் நீட்ட முதல் அவையே கேட்டவை. எல்லாருக்கும் ஒரே இடத்தில காத்துப் போயிருந்தது, அதால ஆருக்கும் வெக்கமில்லை.

பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது. பெற்றோல் வந்தது. மனேச்சர் காருக்குப் போனார், பியோன் மோட்டச்சைக்கிளுக்குப் போனான். சைக்கிள்ள மிஞ்சினது ரெண்டு சாதி. ஒண்டு, வேற வழியில்லாத ஆக்கள். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய மோட்டச்சைக்கிளும் கைக்கு எட்டாத விலைக்குப் போச்சு. கடைசிவரை வாங்கேலாமப் போன சனம் இது. அவையிட்டப் போய் “உதவட்டோ” எண்டா, இல்லாததைச் சொல்லிக் காட்டுற மாதிரி அவைக்குப் படுது. மற்றது, ஞாயிற்றுக்கிழமை விடியப்பறம் இறுக்கின உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமா நிலாவெளி றோட்டில பறக்கிற ஆக்கள். அவையின்ர ஒரு சில்லு விலைக்கு என்ர சைக்கிளை ரெண்டு தரம் வாங்கலாம். ஒருநாள் அதில ஒருவர் ரயரில நெருஞ்சி முள்ளோட நிண்டார். நான் நிப்பாட்டினன். என்ர பம்மைப் பாத்து ஒரு சிரிப்பு. “இது வேற வால்வு அங்கிள்.” உண்மைதான், அவற்ற வால்வு வேற. எண்டாலும் அந்தச் சிரிப்பு வால்வுக்கான சிரிப்பில்லை. பிறகு போன் அடிச்சு, பட்டா லொறி ஒண்டு வந்து, அவரையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போச்சுது. ஒரு முள்ளுக்கு ஒரு லொறி!

ரூர் டி பிரான்ஸ் ஓட்டத்தில 1913இல ஒருத்தருக்கு நடந்தது தெரியுமோ? எஜேன் கிறிஸ்தோப் எண்டு பெயர். பிறனீஸ் மலை இறக்கத்தில முன் போர்க் உடைஞ்சு போச்சு. அந்தக் காலத்துச் சட்டப்படி வேற ஆள் கை வைக்கக்கூடாது. மனுசன் சைக்கிளைத் தோளில போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல நடந்து, கீழ கிராமத்தில ஒரு கொல்லன் பட்டறையைத் தேடிப் பிடிச்சு, போர்க்கைத் தானே அடிச்சு ஒட்டினார். நடுவர்மார் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவை. ஒரு சின்னப் பொடியன் துருத்தி ஊதிக் குடுத்தான் எண்டு அதுக்கும் தண்டம் போட்டினம். கொடுமைதான். ஆனா அங்க சட்டம் இருந்தது, பரிசு இருந்தது. எங்கட நாலாம் மைல் போஸ்டில என்ன பரிசு வைச்சிருக்கு? ஆர் நடுவர்? அவரவர் தன்னைத் தானே தண்டிச்சுக்கொண்டு, கொதிக்கிற தாரில உருட்டிக்கொண்டு போறதுக்கு?

வாங்கின ஆளே இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கிறார். கிண்ணியாவில இருந்து மீன் கொண்டு வாற நானா ஒருத்தர். கரியரில றெஜிபோம் பெட்டி, ஹாண்டிலில பாம் பாம் எண்டு அமத்துற ரப்பர் ஹோர்ன். பாலம் வர முதல் பாதையில ஏறிக் கடந்த காலத்தில இருந்து அவருக்கு இந்தத் தொழில். சீனன்குடாச் சந்திக்குக் கிட்ட நிண்டு முன் ரயரை அமத்தி அமத்திப் பாக்கிறார். கேட்டன். “பாருங்க தம்பி” எண்டு விட்டார். எனக்குக் காது குளிந்து போச்சு.

முள்ளும் இல்லை, ஓட்டையும் இல்லை. வால்ரியூப்தான் உக்கியிருந்தது. பழசை உரிச்செடுத்து, புதுசில ஒரு சின்னத் துண்டு வெட்டி, எச்சில் தொட்டு வால்கட்டையில மெல்ல ஏத்தி, நட்டை இறுக்கி, காத்தடிச்சன். துப்பலைத் தொட்டு வைச்சுப் பாத்தன், குமிழி இல்லை. அஞ்சு நிமிச வேலை. நானா நூறு ரூபாவை நீட்டினார். “என்ன நானா, நகத்தளவு ரப்பருக்குக் காசோ?” எண்டன். “ஓசிக்கு எடுக்கமாட்டன் தம்பி.” “இது ஓசி இல்லை, சும்மா.” “அதத்தான் சொல்றன், சும்மா வாணாம்.” நான் கையைப் பின்னால கட்டினன். அவர் என்ர பையுக்க வைக்கப் பாத்தார். ரெண்டு கிழவங்கள் றோட்டில இழுபறிப்படுறதைப் பாத்து பஸ்ஸில போன சனம் எட்டிப் பாக்குது, நெத்திக்கு நெத்தி சண்டையாக்கும் எண்டு.

கடைசியில காசை மடிச்சு வைச்சார். அப்பாடா எண்டு சாவியளைப் பொறுக்கிப் பையுக்க போட்டு நிமிர்றன், ஆள் ஏறி மிதிச்சுப் போறார். என்ர ஹாண்டிலில ஒரு கறுப்பு சொப்பிங் பாக். உள்ள அரைக் கிலோ சூடை மீன். கத்திக் கூப்பிட்டன். கலைச்சன். நான் அடிச்சுக் குடுத்த காத்து, ஆளைப் பிடிக்கேலாது! தூரத்தில பாம் பாம் எண்டு ஹோர்ன் மட்டும்.

காலமை எட்டு மணிக்கு, வேலைக்குப் போற வழியில, அரைக் கிலோ சூடை. என்ன செய்வியள்? ஒபிஸ் பிறிஜ்ஜில வைச்சன். பத்தரைத் தேத்தண்ணிக்குப் பால் எடுக்கத் திறந்தவை மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினதில துவங்கி, பின்னேரம் நாலரை வரைக்கும் விசாரணை, இந்த மீனை ஆர் கொண்டு வந்தது எண்டு. நான் வாய் திறக்கேல்லை. றோட்டில ஒருத்தர் சும்மா தந்தவர் எண்டு சொன்னா, இந்த ஊரில ஆர் நம்பப்போறினம்?