கடைசி இடம் பிடித்தால் என்ன ஆகும்? சிஎஸ்கே சீசனும் அமெரிக்க ஃபுட்பால் கணக்கும்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் குளிர்காலம் வந்தால் வெளிநாட்டவர் கூட்டம் அதிகம். அவர்களில் அமெரிக்கர்களும் உண்டு. அவர்கள் ஊரில் அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் முடிவுக்கு வருவதும் இதே மாதங்களில்தான். இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கும். அதே செங்கம் சாலையில் நம்ம பசங்க பேசுவது வேறு: "சிஎஸ்கே இந்த வாட்டியாவது எழுந்திரிக்குமா?"

இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். ஆனால் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொது. கடைசி இடத்துக்குப் போன அணியை யார் தூக்கி விடுவது?

2025-ல் என்ன நடந்தது?

ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ், 2025 சீசனில் 14 ஆட்டங்களில் 4-ல் மட்டுமே வென்றது. 8 புள்ளிகள், பத்தாவது இடம். ஐபிஎல் வரலாற்றில் அந்த அணி பட்டியலின் அடியில் முடித்தது அதுவே முதல் முறை.

சேப்பாக்கத்தில் பட்ட அடிதான் பெரிது. மும்பையை வீழ்த்தித் தொடங்கிய அணி, அடுத்த ஐந்து சொந்த மண் ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றது. பெங்களூரு அணி 2008-க்குப் பிறகும், டெல்லி 2010-க்குப் பிறகும் இங்கே வென்றன. ஹைதராபாத்துக்கு இது சேப்பாக்கத்தில் முதல் வெற்றி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன்தான். ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் தோற்றபோது பிளே ஆஃப் கதவு மூடியது.

திருவண்ணாமலையிலிருந்து சேப்பாக்கம் சுமார் 190 கிலோமீட்டர். இரவு மேட்ச் முடிந்து, கிளாம்பாக்கம் வந்து பஸ் பிடித்தால் வீடு சேர விடிந்துவிடும். டிக்கெட், பஸ், சாப்பாடு, அடுத்த நாள் கூலி என எல்லாம் ரசிகனின் கணக்கில்தான் ஏறுகிறது.

சறுக்கியது எங்கே?

கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் ஏப்ரலில் விலகினார். தோனி மறுபடி பொறுப்பேற்றார். ஆனால் அதற்குள் ஐந்தில் நான்கு ஆட்டங்கள் போயிருந்தன. காயத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

வேர் 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் இருக்கிறது. ஐந்து பேரைத் தக்கவைக்கவே 120 கோடியில் 65 கோடி போய்விட்டது. மீதியில் ஆப்கன் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமதுவை 10 கோடிக்கும், அஸ்வினை 9.75 கோடிக்கும் எடுத்தார்கள். நூர் ஏமாற்றவில்லை, 24 விக்கெட் எடுத்தார். ஆனால் முதல் ஆறு ஓவரில் அடித்து ஆட ஆள் இல்லை. சுழலுக்கு ஏற்ற சேப்பாக்கம் என்ற பழைய கணக்கும் பலிக்கவில்லை. சொந்த மைதானம் என்ற சாதகமே இப்போது இல்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொன்னார்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே என்எஃப்எல் தொடரில் 32 அணிகள். சீசனில் கடைசியாக வந்த அணிக்கு 'டிராஃப்ட்' என்ற தேர்வில் முதல் வாய்ப்பு. கல்லூரி ஆட்டம் முடித்து வரும் இளைஞர்களில் யார் வேண்டும் என்று அந்த அணிதான் முதலில் சொல்லும். சாம்பியன் அணி கடைசியில் நிற்க வேண்டும். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணியைப் பாருங்கள். 2023 சீசனில் 17 ஆட்டங்களில் 4 வெற்றி. அதனால் டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. ஜேடன் டேனியல்ஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள், பயிற்சியாளரையும் மாற்றினார்கள். அடுத்த சீசனில் 12 வெற்றி. சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை போனது அந்த அணி.

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் நேர் எதிர். கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும்.

ஐபிஎல்லில்?

இரண்டும் இல்லை. கடைசி இடத்துக்குத் தண்டனை கிடையாது, கைதூக்கி விடுவதும் கிடையாது. ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்புதான். தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்று ஒன்று இல்லை. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமம் மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த வருமானத்தில் கடைசி அணிக்கும் பங்கு உண்டு. ஆக, மாறியே தீர வேண்டும் என்ற கட்டாயம் வெளியிலிருந்து வராது. அணி நிர்வாகம் மனசு வைத்தால்தான் மாற்றம்.

சிஎஸ்கே மனசு வைத்ததா?

வைத்த மாதிரிதான் தெரிகிறது. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் 16-ல் அபுதாபி ஏலத்தில், இந்திய அணிக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது. அனுபவசாலிகளை நம்பியே பேர் வாங்கிய அணிக்கு இது புதுப் பாதை. 2025 சீசனின் நடுவில் வந்து அடித்து ஆடிய ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ் இருவரும்தான் அதற்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

2020-ல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த சிஎஸ்கே, 2021-ல் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அப்போது பெரும்பாலும் பழைய ஆட்களை வைத்தே மீண்டது. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. இளைஞர்கள் நான்கு ஆட்டம் சொதப்பினால் நிர்வாகம் பொறுக்குமா, இல்லை பழைய முகங்களைத் தேடுமா? அடுத்த சீசனில் புள்ளிப் பட்டியலைவிட முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.