ஆளில்லையா? ஆய்வாரில்லையா?

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் மேற்கே இறங்கி முடிச்சூர்ச் சாலையில் ஒரு கல் தொலைவு நடந்து பாருங்கள். அல்லது கிழக்கே இறங்கிச் சேலையூர், இராசகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரை சென்று பாருங்கள். மருந்துக்கடை, துணிக்கடை, உணவகம், கடைசல் பட்டறை, வண்டி பழுது பார்க்கும் கொட்டகை என்று எங்குத் திரும்பினும் ஏதேனும் ஒரு கதவில் ஒரு தாள் ஒட்டப்பெற்றிருக்கும். வேலைக்கு ஆள் வேண்டுமென்று அறிவிக்கும் தாள் அது. அதனுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் பேசத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் முதல் வரியாகவோ இறுதி வரியாகவோ தவறாமல் நிற்கும்.

உள்ளே சென்று உரிமையாளரைக் கேளுங்கள். அவர் தமிழராகத்தான் இருப்பார்; நம் இதழை வாங்கிப் படிப்பவராகவும் இருக்கக்கூடும். "நல்ல ஆளே கிடைப்பதில்லை, ஐயா! வருகிறவன் ஒரு மாதங்கூட நிலைப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை" என்பார். இம்முறையீட்டை நாம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். இத் திங்கள் அதற்கு மறுமொழி சொல்லிவிடுவதென்று முடிவு செய்தோம். ஆள் இல்லாமலில்லை, ஆளை ஆயத் தெரிந்தார்தாம் அருகிவிட்டனர்!

ஆய்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்று பாருங்கள். கேட்பவர் தமிழர், கேட்கப்படும் பெண்ணும் தமிழ்ப்பெண், அக்கடைக்கு வந்து பருப்பும் புளியும் துணியும் வாங்கப் போகின்றவரும் தமிழரே. இம் மூவர்க்கும் இடையே ஆங்கிலத்திற்கு என்ன வேலை? ஆயினும், "உன்னைப் பற்றிச் சொல்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் வினவுகின்றார் உரிமையாளர். அவரினும் அரைகுறையான ஆங்கிலத்தில் அப்பெண் தடுமாறுகின்றாள். கணக்கில் கூர்மையும் நாவில் இனிமையும் உடைய அவள், அந்த ஒரு தடுமாற்றத்திற்காகத் திருப்பியனுப்பப்படுகின்றாள். மறுநாள் மூன்று ஆங்கிலச் சொற்றொடர்களை நெட்டுருச் செய்து வந்த ஒருவன் அவ்விடத்தில் அமர்த்தப்படுகின்றான். ஒரு மாதத்தில் அவன் ஓடிவிடுகின்றான். பழி எல்லாத் தமிழ் இளைஞர் மேலும் விழுகின்றது.

ஆளெடுப்பு எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு நாம் மேலை நாட்டு மேலாண்மை நூல்களைத் தேடிப் போக வேண்டுவதில்லை. நம் இயக்கத்தின் தொடக்கமே ஒரு நல்ல ஆளெடுப்பில்தான் இருக்கின்றது. இன்று தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் இங்குக் குடிபெயருமுன் சென்னையின் பாரிமுனைப் பகுதியில் இருந்தது. 1898இல் அக்கல்லூரிக்கு ஒரு தமிழாசிரியர் வேண்டியிருந்தார். வேலை கேட்டு வந்தவர் நாகப்பட்டினத்து இளைஞர் வேதாசலம். அகவை இருபத்திரண்டைத் தாண்டாதவர். தந்தையார் மறைவால் பள்ளிப்படிப்பை இடையிலேயே நிறுத்த நேர்ந்தவர். எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் பெறாதவர். இன்று நம் கடைக்காரர் ஒருவரிடம் அவர் வந்திருந்தால் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டிருப்பார்!

அவரை ஆய்ந்தவர் அக்கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த சூரியநாராயண சாத்திரியார். தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக் கொண்ட அதே பெரியார். குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுத் தருக என்று அவர் வினவினாராம். "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம் இளைஞர். உடனிருந்தோர் முகஞ்சுளித்தனர்; தெரியாதவர்க்கு வேலை எதற்கென்று எண்ணினர். பரிதிமாற் கலைஞர் மட்டும் மகிழ்ந்தார். ஏன்? அஃது என்பது ஆய்தத்தொடர். எனக்கு என்பது வன்தொடர். தெரியாது என்பது உயிர்த்தொடர். கேட்டதற்கு ஒன்றன்று, மூன்று எடுத்துக்காட்டுகளை ஒரே மூச்சில் தந்திருந்தார் அவ்விளைஞர். தமிழுலகில் வழிவழியாகச் சொல்லப்பெற்று வரும் செய்தி இது.

இதில் நாம் வியப்பது விடை சொன்னவரை மட்டுமன்று, விடையைக் கண்டுகொண்டவரையுமே. ஆய்பவன் தொழிலறிந்தவனாக இருந்தமையால் வந்தவனின் ஆற்றல் வெளிப்பட்டது. சான்றிதழ்த் தாளைப் புரட்டுபவன் எவனும் அதைக் கண்டிருக்க மாட்டான். எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டுமோ அந்தத் தொழிலைப் பற்றி, அவனுக்கு வரும் மொழியில், அதனை அறிந்தவர் கேட்க வேண்டும். ஆளெடுப்பின் கமுக்கம் இவ்வளவே. அவ்வாறு எடுக்கப்பட்டவர் பதின்மூன்று ஆண்டுகள் அக்கல்லூரியில் பணியாற்றினார். பின்னர்ப் பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாட நிலையினின்று இறக்கிய சூழலில், 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் வந்து குடியேறினார். 1916இல் மறைமலையடிகளாகத் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழுக்குரிய வேலையிடம் சுருங்கினால் அறிஞரும் வெளியேற வேண்டியதுதான் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சான்று. மொழி வீட்டில் மட்டும் வாழ்வதன்று. சோறு தரும் இடத்திலும் அதற்கு இருக்கை வேண்டும்.

தொழிலுக்குப் பொருந்தாத தகுதியைக் கேட்கும் நோய் புதியதன்று. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகத் தெற்கே சென்றால் உத்தரமேரூர் வரும். முதற் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்குள்ளன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில், ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரியும் நெறிகள் வரிசையாக உள்ளன. அகவை 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடிருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் ஆகான், அவன் உறவினரும் ஆகார். எவ்வளவு தெளிவு! நெறியை முன்னரே கல்லில் வெட்டி ஊரறிய வைத்த அந்த வெளிப்படைத்தன்மையைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். ஆகவே வேதப்பயிற்சியும் தகுதிகளுள் ஒன்றாக எழுதப்பட்டது. ஏரியைக் காக்கும் ஏரி வாரியத்தானுக்கு மதகும் கரையும் தெரிய வேண்டுமா, வேதம் தெரிய வேண்டுமா? அன்று வேதம் நின்ற இடத்தில் இன்று ஆங்கிலம் நிற்கின்றது. தகுதி என்னும் பெயரால் வேலியிடுவதே இரண்டின் பணியும்.

இனி, ஆள் இல்லை என்பதையும் சற்று உசாவிப் பார்ப்போம். தென்சென்னைப் புறநகர் தொழிலறியாத நிலமா? குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிலகத்தால் ஒரு பேட்டையே பெயர் பெற்றது. பெருங்களத்தூரையடுத்து இசுடாண்டர்டு மகிழுந்துகள் செய்யப்பட்டன. 1980களின் இறுதியில் அத்தொழிலகம் நின்றது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தையடுத்து ஏற்றுமதி ஆக்க மண்டலம் தோன்றியது. தையலிலும் மின்னணுக் கருவி கோப்பதிலும் கைதேர்ந்த பெண்கள் அங்கு உருவாயினர். திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிலகம் 2014 நவம்பரில் மூடப்பட்டபொழுது வேலையிழந்தவருள் இளம்பெண்கள் மிகப்பலர். அடிகளாரின் பெயரையே தாங்கிய மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2022இல் மகிழுந்து செய்வதை நிறுத்தியது. இத்தனைக் கைகளும் எங்கே போயின? இங்கேதான் இருக்கின்றன, வாடகைத் தானி ஓட்டிக்கொண்டும், வாயிற்காவல் செய்துகொண்டும், வீட்டில் முடங்கிக்கொண்டும் இருக்கின்றன. அகவை நாற்பதைத் தாண்டிவிட்டது என்று சொல்லி அவர்களை ஒதுக்குகின்றோம். இருபது ஆண்டுகள் பொறியோடு பழகிய பட்டறிவைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஆளில்லை என்று புலம்புவதில் பொருளுண்டா?

ஆய்வதற்குச் சோம்பிய உரிமையாளர் அடுத்துச் செய்வது, முகவனை நாடுவது. முகவன் இருபது பேரை வடக்கிலிருந்து தொடர்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகின்றான். ஒரு கொட்டகையில் இருபது பேரும் படுக்கின்றனர். கூலியில் ஒரு பங்கு முகவனுக்குப் போகின்றது. இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகின்றோம்: வயிற்றுப்பாட்டிற்காக ஈராயிரங் கல் கடந்து வந்த அந்த ஏழை நமக்குப் பகைவன் அல்லன். அவனை இழித்துப் பேசுவது தமிழ்ப்பற்று ஆகாது. ஏனெனில் அவன் இன்று நிற்கும் இடத்தில் நேற்று நின்றவர் நாம்.

கங்காணி என்னும் சொல் நம் சொல். கண்ணால் கண்டு காப்பவன் என்பது அதன் பொருள். அச்சொல்லை ஞாலமெங்கும் இழிசொல்லாக்கியது ஆளெடுப்புத் தொழிலே. நம் சிற்றூர்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவரை முன்பணம் கொடுத்துக் கட்டி இழுத்துச் சென்றவன் கங்காணி. இலங்கையில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளர் கங்காணிக்குப் பட்ட கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்படும். எந்தத் தோட்டம் அக்கடனைத் தீர்க்கின்றதோ அந்தத் தோட்டத்திற்கு அக்கூட்டம் முழுதும் கைமாறும். மாந்தர் ஒரு சீட்டுக்கு விலையாயினர்! 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலேயாவுக்கு உதவிப்பணம் பெற்றுச் செல்லும் உழைப்பாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. அந்தக் கொடுமைக்கு ஆளான இனத்தில் பிறந்த ஒருவர், இன்று தாம்பரத்தில் அமர்ந்துகொண்டு தாமே ஒரு கங்காணியை அமர்த்துவதை எங்ஙனம் பொறுப்பது? வடவர் மலிவாகக் கிடைக்கின்றார் என்பதே இவருடைய உண்மையான கரணியம். தமிழன் உழைப்பதில்லை என்பது அதற்குப் போர்த்திய போர்வை. இருவர்க்கும் ஒரே கூலி, ஒரே எட்டு மணி நேரம், ஒரே உறைவிட ஏந்து என்று வைத்துப் பாருங்கள். அண்டையிலிருக்கும் தமிழன் தானே வந்து நிற்பான்.

கூலி என்பது கூலத்திலிருந்து, அஃதாவது தவசத்திலிருந்து வந்த சொல் என்பர் நம் சொல்லாய்வாளர். தவசம் வாங்கப் போதாத கூலியைக் கூலி என்று சொல்வதே சொற்குற்றம்!

மற்றொரு புண்ணையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். தமிழரையே அமர்த்துகின்றேன் என்று மார்தட்டும் சிலரின் கடைக்குட் சென்று பார்த்தால், கல்லாவிலிருந்து கிடங்கு வரை ஒரே ஊரார், ஒரே சாதியார். குப்பை கூட்டுபவர் மட்டும் வேறு சாதி. இதற்குப் பெயர் தமிழ்ப்பற்றா? ஆள் தெரிதற்கென்றே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை, இருபது குறள்களை ஒதுக்கினார் வள்ளுவர். வேண்டியவன் என்பதற்காக அறிவிலானை அமர்த்துபவனை அவர் கண்டிக்கின்றாரேயன்றி, சாதி பார் என்று ஓரிடத்தும் சொன்னாரில்லை. தந்தை பெயரைக் கேட்கும் சாக்கில் சாதியை மோப்பம் பிடிக்கும் நேர்காணலும், ஆங்கிலத்தைக் கேட்டு ஏழையை வடிகட்டும் நேர்காணலும் ஒரே வயிற்றிற் பிறந்தவை.

வந்தவன் நிலைப்பதில்லை என்கின்றீர்கள். நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண்ணின் கால்களைப் பார்த்திருக்கின்றீர்களா? கடைகளில் பணிபுரிவோர்க்கு உட்கார இருக்கை தரவேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. ஓர் இருக்கை போடுவதற்குச் சட்டம்! விருந்தோம்பலைத் தம் பண்பென்று ஞாலத்திற்குச் சொல்லும் இனத்திற்கு இதனினும் இழிவு வேண்டுமா? பணியமர்த்தல் ஆணையும் அப்படியே. வாய்ச்சொல்லால் அமர்த்தி வாய்ச்சொல்லால் விலக்குவதே நம் கடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆணை தரும் ஒருசிலரும், வாங்குபவர் படிக்கவியலாத ஆங்கிலத்தில் தருகின்றனர். எத்தனை நாள் விடுப்பு, எந்நாளில் சம்பளம், விலக்குவதாயின் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு வழக்கறிஞர் வேண்டுமா, அச்சகம் வேண்டுமா?

மண்ணின் மக்களுக்கே வேலை என்று சட்டம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்பார் சிலர். சட்டம் வேண்டுமென்று நாமும் கேட்டுக்கொண்டே இருக்கின்றோம். தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது முன்னுரிமை 2010இல் சட்டமாயிற்று. தனியார் வேலையில் நூற்றுக்கு எழுபத்தைந்து என்று அரியானா செய்த சட்டத்தை 2023 நவம்பரில் அங்குள்ள உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நடுவணரசும் அதன் அரசியற் சட்டமும் நமக்கு எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு கடையின் உரிமையாளர், அடுத்த தெருப் பெண்ணைத் தமிழில் கேட்டு அமர்த்திக்கொள்வதை எந்த மன்றம் தடுத்தது? எந்தச் சட்டம் வரவேண்டுமென்று அவர் காத்திருக்கின்றார்?

ஆகவே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் கடையும் பட்டறையும் நடத்தும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆள் வேண்டின் கதவில் ஒட்டியுள்ள ஆங்கிலத் தாளைக் கிழித்துவிட்டு, கீழுள்ளவாறு தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

"விற்பனையாளர் மூவர் வேண்டும். தமிழில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும். ஆண், பெண் இருபாலரும் வரலாம். அகவை உச்சவரம்பு இல்லை. சாதி கேட்கப்படாது. ஒருநாள் வேலை செய்து காட்ட வேண்டும். அந்நாளுக்கும் கூலி உண்டு. மாதச் சம்பளம் எவ்வளவு என்பது இத்தாளின் அடியிலேயே எழுதப்பட்டுள்ளது. உட்கார இருக்கை உண்டு. கிழமைக்கு ஒருநாள் விடுமுறை. பணியமர்த்தல் ஆணை தமிழில் தரப்படும். இடைமுகவர் வரவேண்டா."